ரெப்ளிகா கார் கதவு: கத்தரி ரெகுலேட்டரா, கேபிள் ரெகுலேட்டரா?

ரெப்ளிகா (நகல்) சூப்பர்காரின் ஃபைபர் கதவுக்குள் இடம் குறைவு, கண்ணாடியோ நன்றாக வளைந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரில், கத்தரி வகை தடுமாறுவது இங்கேதான். அதன் கைகள் விரிந்து மடங்க அகலமான வெற்றிடம் வேண்டும். பல்தகடு சுழலும் பாதையில் கதவுச் சட்டம் குறுக்கிட்டால் கதை முடிந்தது. கனமான கண்ணாடியைத் தூக்குவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் வெட்டிச் சுருக்க வழியில்லை.

கேபிள் இழுக்க, கண்ணாடி ஒரு ரெயில் வழியே ஏறி இறங்கும் கேபிள் வகைக்கே எங்கள் ஓட்டு. அதன் ரெயிலைக் கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப வளைக்கலாம், நீளத்தையும் குறைக்கலாம். ரெயிலில் 50 மி.மீ. வெட்டினால் உறைக்குள் ஓடும் உள்கேபிளிலும் 50 மி.மீ. தளர்வு வரும், அப்படியே விட்டால் கேபிள், தான் சுற்றிக்கொள்ளும் டிரம்மைவிட்டு நழுவிச் சிக்கிக்கொள்ளும். உள்கேபிளை வெட்டி முனையை மறுபடி கிரிம்ப் செய்வது (நசுக்கிப் பொருத்துவது) வம்பு. வெளியுறையின் முனையில் 50 மி.மீ. குழாய்த் துண்டைச் செருகினால் தளர்வு போய்விடும். பலவீனம், கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கேரியர்: ரப்பர் சேனலில் கண்ணாடி இறுகினால் முதலில் உடைவது அதுதான்.

எதுவானாலும் ஃபைபரில் நேரடியாக போல்ட் போடாதீர்கள். உள்ளே ஸ்டீல் சட்டம் வைத்து மாட்டுங்கள். டெம்பர் செய்த (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, பொடிப்பொடியாகிவிடும். எனவே அதே வளைவில் பாலிகார்பனேட் மாதிரி ஒன்றை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே கண்ணாடிக்கு ஆர்டர் கொடுங்கள்.