சிவப்புக் குறியைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள்: மார்த்தாண்டம், திருவட்டாறு பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

திருவட்டாறில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அக்காவிடம் 7,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நடந்தது இது.

அக்காவின் கம்ப்யூட்டரில் காலையில் சுவிட்ச் போட்டதும் கறுப்புத் திரையில் ‘சீமாஸ் செக்சம் எரர்’ என்று வந்து நின்றுவிடும். எஃப்1 அழுத்தினால்தான் விண்டோஸ் வரும். தேதியோ பல வருஷம் பின்னால் கிடக்கும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது. அதனால் அரசாங்க சைட் ஒன்றுமே திறக்கவில்லை, வந்தவர்களெல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

சர்வீஸ் கடைக்காரர், விண்டோஸ் தன் பிழைகளையும் எச்சரிக்கைகளையும் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, “பாருங்கக்கா, எத்தனை சிவப்பு! மதர்போர்டு போச்சு. விட்டா ஹார்ட் டிஸ்கும் போயிரும்” என்றாராம். கெர்னல் பவர் 41, டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 என்று வரிசையாகக் கிடந்தால் யாருக்குத்தான் பயம் வராது? போர்டு மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கினார். பில்லில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல்தான்.

எனக்குச் சந்தேகம் வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். போர்டில் பழைய தூசி அப்படியே அடைபோல் அப்பியிருந்தது. அதன் நடுவே காசு அளவில் ஒரு செல் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தால், அதில் எழுதியிருந்த சீரியல் நம்பரும் போர்டில் உள்ள ஸ்டிக்கரும் ஒன்றே. சிஆர் 2032 என்ற அந்த 3 வோல்ட் செல் தீர்ந்துபோனால் மெயினை அணைத்ததும் கடிகாரமும், கம்ப்யூட்டர் தொடங்கும்போது பார்க்கும் பயாஸ் அமைப்பும் அழிந்துவிடும். கறுப்புத் திரை சொன்னது அவ்வளவுதான். அந்தச் செல் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும்.

சரி, அந்தச் சிவப்பெல்லாம் என்ன? 10016 நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் வரும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. 41 என்றால், போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று அடுத்த தடவை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு. அதன் விவரத்தில் பக்செக்கோட் 0 என்று இருந்தால் நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், இல்லை மெஷின் உறைந்து நின்றிருக்கும். ஆடிக் காற்றில் ரப்பர் கொம்பு கம்பியில் விழுந்து கரண்ட் போவது நம்ம பக்கம் புதுசா என்ன? அக்காவின் யூபிஎஸ் பேட்டரியும் தாங்குவதில்லை. ‘போர்டு மாற்றிய’ பிறகும் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அதே 41 வந்தது. கூடவே வந்த, எதிர்பாராமல் அணைந்ததைச் சொல்லும் 6008 பதிவில் இருந்த நேரமும் ஏறத்தாழ கரண்ட் போன நேரம்தான்.

எல்லாச் சிவப்பையும் தள்ளிவிடவும் கூடாது. ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 வந்து ‘பேட் பிளாக்’ என்று சொன்னால் உடனே ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். ஹார்ட்வேர் பிழைகளைப் பதியும் வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் அடிக்கடி பிழை வந்தால் ஹார்ட்வேரைச் சோதிக்கத்தான் வேண்டும்.

மைக்ரோசாஃப்டில் இருந்து பேசுகிறோம் என்று போன் செய்து ஏமாற்றுகிறவர்கள் காட்டுவதும் இதே ஈவென்ட் வியூவரைத்தான். அப்படி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் போர்டு, ஹார்ட் டிஸ்க் ஸ்டிக்கர்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் புதுப் பாகத்தின் சீரியல் நம்பர் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

அக்கா திரும்பப் போய்க் கேட்டதற்கு, “செல் மாத்துறதும் போர்டு வேலைதான்” என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். பணம் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி காசு இழந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.