செர்ரி இறாலா, அமானோ இறாலா?

செடி வளர்க்கிற மீன் தொட்டில, அதான் செடி டேங்க்ல, இந்த ரெண்டு இறால்ல எத விடலாம்னு குழம்புறவங்களுக்கு:

பாசி: அமானோதான் கில்லாடி, நூல் பாசியக்கூட பிச்சு பிச்சு தின்னும். செர்ரி மெல்லிசா படியிறத மேயும், அவ்ளோதான்.

குட்டி: செர்ரி நல்ல தண்ணிலயே பெருகும், பொரிஞ்சதுமே பெருசோட அச்சுல குட்டியூண்டா மாஸ்ங்கிற (moss) தண்ணிச் செடிக்குள்ள ஒளிஞ்சு திரியும், ஆனா ரெண்டு மூணு கலர கலந்து விட்டா பேரப்பிள்ளைங்க மங்கின பழுப்பாயிடும். அமானோ வயித்தடில முட்டையோட சுத்தினாலும் பொரிஞ்சு வர்ற லார்வா (இளம் குஞ்சு) வளர உப்புத்தண்ணி வேணும், அதனால டேங்க்ல பெருகாது.

சைஸ்: செர்ரி 3 செ.மீ, அமானோ 5 செ.மீ வரைக்கும். அமானோ தீனிய தூக்கிட்டு ஓடுற ரவுடி, டேங்க விட்டு வெளியேறிடும், அதனால மூடி கட்டாயம்.

காப்பர் கலந்த மீன் மருந்து ரெண்டுக்குமே எமன்.

சின்ன டேங்க், கலர், குட்டிங்க வேணும்னா செர்ரி. பாசி தொல்லைன்னா யோசிக்காம அமானோ.