செட்டிநாட்டில் மன அழுத்தம் போக்கும் கைவேலைப் பயிற்சிகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் வருகிறவர்களுக்கு இப்போது ஊர் சுற்றிப் பார்ப்பதோடு அரை நாள் கைவேலையும் சேர்த்துத் தருகிறார்கள். ஆத்தங்குடிக் கல் (தரைக்குப் பதிக்கும் பூ ஓடு) ஊற்றுவது, கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னுவது, மாக்கோலம் போடுவது. 'ஸ்ட்ரெஸ் குறையும்' என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது. மூன்றுமே நல்ல கைவேலைதான். ஆனால் மன இறுக்கம் தணிவதற்கென்றே வருகிறவருக்கு மூன்றும் ஒன்றல்ல.

முதலில் கல். கண்ணாடித் தட்டைத் துடைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் வைத்து, உள்ளே பூ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணச் சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். பிறகு ஈரம் உறிஞ்ச உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, அதன்மேல் ஈரக் கலவை நிரப்பிக் கரணையால் மட்டம் தட்டுகிறார்கள். கரைசல் நீர்த்துப் போனாலும், தூக்கும்போது கை சாய்ந்தாலும், சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பார்க்கப் பிரமாதம். ஆனால் வந்தவர் கையால் செய்வது சில நிமிட வேலைதான். மீதி நேரம் வேடிக்கை. அந்தச் சில நிமிடமும் 'கெடுத்துவிடக் கூடாது' என்ற பதற்றத்தில் போகிறது. கல் இறுகி, தண்ணீரில் சில நாள் ஊறி, காய்ந்த பிறகே கையில் கிடைக்கும், அதனால் அன்றே எடுத்துப்போக முடியாது. அனுப்பிவைப்பார்களா, கூலி யாருடையது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், ஆகவே கையுறை தராத இடத்தில் கை வைக்காதீர்கள். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது நல்ல பொழுது. மன அழுத்தத்துக்கு மருந்தாக எண்ணி இதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

கொட்டான் வேறு கதை. பனங்குருத்து ஓலையைக் காயவைத்து, கொதிக்கும் சாயத்தில் போட்டு, ஒரே அகலத்தில் கிழித்து வைத்திருப்பார்கள். புதியவருக்குச் சுமார் 1 செ.மீ. அகல ஓலை சரி. அதைவிட மெல்லியது கொடுத்தால் கண்ணும் பொறுமையும் சேர்ந்து போகும். ஓலை லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் மடிப்பில் கீறிப் பிளக்கும். ஊறிப் போயிருந்தால் பின்னும்போது இறுக்கமாகத் தெரிந்து, காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். குறுக்கும் நெடுக்குமாக அடியைப் பின்னி, நான்கு பக்கமும் நெருக்கித் தள்ளிய பிறகே மூலையைத் திருப்ப வேண்டும். பலரும் அடியை நெருக்காமல் சுவரை எழுப்புவதால்தான் கொட்டான் ஒரு பக்கம் சாய்கிறது.

மனசுக்கு இது வேலை செய்யும் காரணமும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கை திரும்பத் திரும்பப் போகும். மூலை வரும்போது மட்டும் கவனம் கூடும். அலுப்புத் தட்டாத அளவு கடினம், பயம் வராத அளவு எளிது. தவறினால் நான்கு ஓலையை உருவிவிட்டு மறுபடி பின்னலாம். தோளை இறுக்கி வைத்துப் பின்னுகிறவரின் ஓலை அலை அலையாக நெளியும். அதைக் கண்டதும் ஆச்சிமார் 'கையைத் தளரவிடுங்க' என்பார்கள். ஒரு சிறு கொட்டானுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நீங்கள் தடுமாறும்போதெல்லாம் வாங்கித் தானே முடித்துக் கொடுக்கும் ஆசிரியர் அமைந்தால் பாதிப் பலன் போச்சு. தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலி கேட்கலாம். ஓலை விளிம்பு விரலைக் கீறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விளம்பரங்களில் ஆராய்ச்சி பற்றிய பேச்சு வந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. 2016இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 39 பெரியவர்களுக்குக் களிமண், படம் வெட்டி ஒட்டும் பொருள்கள், மார்க்கர் பேனா கொடுத்து 45 நிமிடம் விட்டது. ஏறக்குறைய முக்கால் பங்குப் பேருக்கு எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது வித்தியாசம் காட்டவில்லை. நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை, எல்லாருக்கும் குறையவும் இல்லை. '75 சதவீதம் ஸ்ட்ரெஸ் குறையும்' என்று யாராவது எழுதினால் அது அந்த ஆய்வைத் தப்பாகப் படித்தது.

'தெரபி' என்று போட்டிருந்தால், நடத்துபவர் என்ன படித்திருக்கிறார், யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வார் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பின்னல் சொல்லித் தரும் ஆச்சி அதற்குப் பொறுப்பல்ல. அவர் கைவேலை ஆசிரியர், அந்த அளவில் அருமையானவர். கடைசி அரை மணியில் 'உங்கள் வேதனையை எழுதி வாசியுங்கள்' என்று வட்டமாக உட்கார வைக்கும் நிகழ்ச்சிகளைத் தவிர்ப்பது நல்லது. உணர்ச்சியை எழுதுவது பயன்தரும் முறைதான். 1986இல் அமெரிக்க உளவியலாளர் பென்னபேக்கர் செய்த ஆய்வில் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்துப் போனதும் பதிவாகியிருக்கிறது. அப்படி ஒருவரைக் கிளறிவிட்டு ரயிலேற்றி அனுப்புவது சேவை ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் கெட்டிருந்தால் கொட்டான் போதாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416 எண்ணில் பேசுங்கள்.

மாக்கோலத்துக்குத் தனியாகப் பயிற்சிக் கட்டணம் கேட்டால் ஒரு முறை கொடுக்கலாம், மறுமுறை தேவையில்லை. ஏனென்றால் இதை வீட்டிலேயே தினம் செய்யலாம், அழுத்தம் ஏறாமல் தடுக்க அந்தத் தினசரிதான் முக்கியம். 2005இல் கரி, காஸர் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையில், வெற்றுத் தாளில் இஷ்டத்துக்கு வண்ணம் தீட்டியவர்களைவிட வட்ட மண்டலமோ கட்டமோ நிரப்பியவர்களுக்குப் பதற்றம் அதிகம் தணிந்தது. கோலத்தை அவர்கள் சோதிக்கவில்லை. ஆனாலும் புள்ளி வைத்த சிக்குக் கோலம் அதே மாதிரிப் பிடிமானம் தருகிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மையாக அரைத்து, நீர்மோரைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைக்க வேண்டும். சிறு துணியை நனைத்து உள்ளங்கையில் பிடித்து, மெல்லப் பிழிந்து, மோதிர விரல் வழியே இழை விடுங்கள். நீர்த்தால் பரவும், கெட்டித்தால் காய்ந்ததும் வெடித்து உதிரும். போடும்போது கோடு மங்கலாகவே தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். கோணலை உடனே பார்த்துத் திருத்தத் துடிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் இல்லை. நடுவீட்டுக் கோலம் நல்ல நாளுக்கு உரியது, அதைப் பயிற்சியாக்க வேண்டாம். ஐந்துக்கு ஐந்து புள்ளியில் ஆரம்பித்தால் போதும். செட்டிநாட்டு வெயிலில் எதைக் கற்பதானாலும் காலை பத்து மணிக்குள் வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) வேலை முடிவதுபோல நேரம் கேளுங்கள். மிஞ்சிய மாவை வெளியில் வைத்தால் மறுநாள் புளிக்கும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.