என்ஜின் பெல்ட்டை எங்கே மாற்றுவது: வீட்டு வாசலிலா, சின் மிங்கிலா, ஜோகூரிலா?

கார் என்ஜினின் ஓரத்தில் வளைந்து நெளிந்து ஓடும் கறுப்பு ரப்பர் பெல்ட்டை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. பல கார்களுக்கு ஒரு நீளமான ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் சிங்கப்பூரில் அதை எங்கே செய்வது என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நாமே செய்துகொள்ளலாம் என்பார் ஒருவர். சின் மிங்கில் தெரிந்த பட்டறை இருக்கிறது என்பார் இன்னொருவர். காரை விற்ற ஏஜெண்டிடமே விட்டுவிடுங்கள் என்பார் மூன்றாமவர். ஜோகூர் பாருவுக்குப் போனால் செலவு குறையும் என்பவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

நான்கிலும் நியாயம் உண்டு. ஆனால் செலவை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பெல்ட்டை மாற்றுகிறவர் அதோடு நிறுத்திக்கொள்கிறாரா, பெல்ட் ஓடும் புல்லிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்க்கிறாரா என்பதுதான் என் அளவுகோல். அதைச் செய்யாத இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதலில் உங்கள் காரில் அந்த பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் இந்த வெளி பெல்ட்டே கிடையாது. வாட்டர் பம்ப்பும் ஏர்கான் கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்சாரக் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்ற பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் இந்த ஒரே பெல்ட் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் கம்ப்ரசரையும் ஓட்டுகிறது, பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும், பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் சேர்த்து. அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஏர்கான் நின்றுவிடும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் சக்கரத்தைத் திருப்புவதே பாடாகிவிடும். வாட்டர் பம்ப் இதில் ஓடுகிறது என்றால் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். அப்போது ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. உடனே ஓரங்கட்ட வேண்டும், இல்லாவிட்டால் என்ஜினுக்கே கேடு. விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் சென்றுவிடும். அதன் பிறகு ஆகும் செலவு நம்முடையது.

தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய நியோபிரீன் ரப்பர் பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே வெடிப்பு விடும், பார்த்தாலே தெரியும். இப்போது வருபவை இபிடிஎம் என்னும் வேறு ரப்பர். அவை எளிதில் வெடிப்பதில்லை. கார் டயரைப் போல மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும். பெல்ட்டில் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் புதிதில் கூர்மையான ‘வி’ வடிவில் இருக்கும். தேயத் தேய அடி அகன்று ‘யு’ வடிவத்துக்கு வந்துவிடும். பெல்ட் பளபளவென்று கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் புல்லியைப் பிடிக்காது. வெடிப்பு இல்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று யாராவது டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துச் சொன்னால் நம்பாதீர்கள். பள்ளத்தை அளக்கும் சின்ன பிளாஸ்டிக் அளவி இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும் பட்டறைக்காரரை நம்பலாம். நம் ஊரில் ஏர்கானை அணைக்கும் நாளே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கம்ப்ரசரின் சுமை பெல்ட்டின் மேல் வருடம் முழுவதும் இருக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் கார் என்றால் சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி நாமே செய்வது. தரைவீடும் சொந்தப் போர்ட்டிக்கோவும் இருக்கிறவர்களுக்கு இதுவே என் முதல் தேர்வு, ஒரு நிபந்தனையோடு: உங்கள் என்ஜினில், பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும், ஸ்பிரிங் வைத்த தானியங்கி டென்ஷனர் இருக்க வேண்டும். அது இருந்தால் வேலை நேரடியானது. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். பெல்ட் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். நீளமான ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பினால் பெல்ட் தளரும், கழற்றிவிடலாம். டென்ஷனரைச் சட்டென்று விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்ப விடவேண்டும். புதிய பெல்ட்டைப் போடும்போது வரியுள்ள புல்லிகளில் முதலில் பொருத்தி, வழவழப்பான ஒரு புல்லியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் எளிதாக ஏறும். பிறகு ஒவ்வொரு புல்லியிலும் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு வரி இடம் மாறி உட்கார்ந்திருந்தால் என்ஜின் ஓடிய சில நிமிடங்களில் பெல்ட்டின் ஓரம் பிய்ந்துவிடும்.

செராங்கூன் கார்டனில் என் மாமா வீட்டில் இந்த வேலை நடந்தபோது, பெல்ட்டைக் கழற்றியதும் புதியதை எடுக்காமல் அவர் புல்லிகளிடம் போனார். எதையும் ஓட்டாமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியை ஆட்காட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது கரகரவென்று சத்தமிட்டபடி நெடுநேரம் சுற்றியது. “கிரீஸ் காய்ந்துபோச்சு தம்பி, பேரிங் நல்லா இருந்தா இவ்வளவு நேரம் சுத்தாது, சத்தமும் வராது” என்றார். டென்ஷனர் புல்லியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். அதிலும் ஆட்டம் இருந்தது. அன்றைக்குப் புது பெல்ட்டை மட்டும் மாட்டியிருந்தால் கோணலாக நிற்கும் அந்தப் புல்லி சில மாதங்களில் அதையும் தின்றிருக்கும். பெல்ட் கழன்று கிடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இவற்றைச் சோதிக்க முடியும். பெல்ட்டை மாட்டிவிட்டால் எந்தப் புல்லியும் தன் குறையைக் காட்டாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. வீவக கார் நிறுத்துமிடம் வாகனம் பழுதுபார்ப்பதற்கான இடம் அல்ல. அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், இடமும் தோதுப்படாது. பல கார்களில் என்ஜினுக்கும் காரின் பக்கச் சட்டத்துக்கும் நடுவே கை நுழையும் அளவுதான் இடைவெளி. முன் சக்கரத்தைக் கழற்றிக் கீழிருந்துதான் பெல்ட்டை எட்ட வேண்டும். சரிவான தளத்தில் ஜாக்கை மட்டும் நம்பிக் காரைத் தூக்குவது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்ட் இல்லாமல் காரின் கீழே கையை நீட்டவே கூடாது. இப்படிப்பட்ட காரும் இப்படிப்பட்ட வீடும் அமைந்தவர்கள் பட்டறைக்குப் போவதுதான் அறிவு.

டென்ஷனரே இல்லாமல், இழுத்துப் பொருத்தும் ‘ஸ்ட்ரெச்’ பெல்ட் உள்ள கார்களுக்கும் அதையேதான் சொல்வேன். தனிக் கருவி இல்லாமல் அதை நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆல்டர்னேட்டரை நகர்த்தி முறுக்கும் பழைய வகை என்றால் முயன்று பார்க்கலாம், ஆனால் அளவு பிசகக்கூடாது. தளர்ந்தால் கிறீச்சிடும், அதிகம் முறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங் கெட்டுவிடும். உறைக்குள் ஒளிந்திருக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட் முற்றிலும் வேறு வேலை. ஒரு பல் தவறினாலும் என்ஜினின் தாளமே குலைந்துவிடும். வீட்டில் கை வைக்காதீர்கள்.

அடுத்து சின் மிங், உபி, காக்கி புக்கிட் பட்டறைகள். பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதுதான். லிஃப்ட் இருக்கிறது, கருவி இருக்கிறது, உதிரிபாகக் கடை பக்கத்திலேயே இருக்கிறது. ஐட்லர் கெட்டிருந்தால் அன்றே வாங்கி மாட்டிவிடலாம், இந்த வசதியை வேறு எங்கும் எதிர்பார்க்க முடியாது. போகும்போது பெல்ட்டின் எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள். 6பிகே 1230 என்றால் ஆறு வரிகள், பிகே என்னும் வகை, 1230 மில்லிமீட்டர் நீளம். ஜப்பானின் கோபேயில் தலைமையகம் உள்ள பாண்டோ, மிட்சுபோஷி, அமெரிக்காவின் கேட்ஸ், ஜெர்மனியின் காண்டினென்டல் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சரி. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் ‘ஒரிஜினல்’ பெல்ட்டையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள்தான் செய்து கொடுக்கின்றன. அதனால் அந்தப் பெட்டிக்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயர் தெரியாத பெல்ட்டை மட்டும் ஏற்காதீர்கள். கழற்றிய பெல்ட்டையும் புல்லிகளையும் காட்டச் சொல்லுங்கள், நல்ல பட்டறைக்காரர் கேட்காமலே காட்டுவார். சத்தத்தை அடக்க ஸ்பிரே அடித்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து காரைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே சோதித்துவிட்டும் போகலாம். என்ஜின் ஓடும்போது தள்ளி நின்று, கையையும் உடையையும் விலக்கி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் கூடினால் முறுக்கம் போதவில்லை, டென்ஷனரைப் பாருங்கள். இதைச் சொல்லிவிட்டுக் காரை ஒப்படைத்தால் வேலை சரியான இடத்தில் தொடங்கும்.

ஏஜெண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உத்தரவாதக் காலத்தில் பெல்ட்டோ டென்ஷனரோ தானாகக் கெட்டால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதமே போய்விடும் என்ற பயம் பழங்கதை. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, 2017இல் பெரும்பாலான கார் விற்பனையாளர்கள் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டார்கள். உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஜோகூர் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். அங்கே திறமையான மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், கூலியும் குறைவு. பெரிய சர்வீஸோடு சேர்த்து, நல்ல நிலையில் உள்ள பெல்ட்டை முன்கூட்டியே மாற்றப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் கிறீச்சிடும் பெல்ட்டோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டு, ஏர்கானை முழு வேகத்தில் வைத்திருக்கும்போதுதான் தேய்ந்த பெல்ட் கைவிடும். கடற்பாலத்தின் நடுவே நின்றுவிட்டால் மிச்சப்படுத்த நினைத்த பணம் எங்கே போகும்? எல்லை தாண்டும் முன் காரில் முக்கால் டேங்க் பெட்ரோல், மலேசிய நுழைவு அனுமதி என்ற ஏற்பாடுகளும் உண்டு. சில பத்து வெள்ளி விலையுள்ள பெல்ட் ஒன்றுக்காக மட்டும் இத்தனையும் தேவையா? மேலும், புது பெல்ட் இரண்டு நாளில் சத்தம் போட்டால் மறுபடி எல்லை தாண்ட வேண்டும். சின் மிங் என்றால் மதிய உணவு இடைவேளையில் போய்க் காட்டிவிடலாம்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் (சிஓஇ) காலம். இன்னும் சில மாதங்களில் காரை ஒப்படைக்கப் போகிறீர்கள், புல்லிகள் சத்தமின்றிச் சுற்றுகின்றன என்றால் பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும், டென்ஷனருக்குச் செலவழிக்க வேண்டாம். பத்து ஆண்டு முடிந்து இன்னும் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். எப்படியும் பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன் பட்டறைக்குப் போகும் நாளிலேயே இதையும் முடித்துக்கொண்டு, மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டரைப் பானட்டின் உட்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.