கிம்ப்பா, கிரிட்டாவா: எதில் கை பழகுவது?

தாத்தா, பாட்டியின் பழைய ஸ்டூடியோ படம் ஒன்று வீட்டில் இருந்தது. நடுவில் மடிப்பு, மூலையில் காபிக் கறை, பாட்டியின் முகம் பாதி வெளிறிவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் முதலில் கிம்ப் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவினேன். சில மாதம் கழித்து அக்கா மகள் கணினியில் கோலம் வரைய ஆசைப்பட்டாள், அவளுக்காக கிரிட்டா வந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் கட்டற்ற மென்பொருள், இரண்டிலும் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), பிரஷ் எல்லாம் உண்டு. அதனால் ஒன்றைப் படித்தால் மற்றதும் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒன்று இருக்கிற படத்தைத் திருத்தப் பிறந்தது, மற்றது வெள்ளைத்தாளில் வரையப் பிறந்தது.

கிம்ப்தான் மூத்தது. 1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் தொடங்கியது. முப்பது வருடப் பழக்கங்கள் அதன் உடம்பில் ஊறியிருக்கின்றன. நல்லதும் கெட்டதும்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் முதல் வாரத்திலேயே ஓடிப்போவது இங்கேதான். பின்னணியை அழிப்பானால் அழித்தால் அந்த இடம் ஒளிபுகும்படி ஆகாமல் வெள்ளையாக நிற்கும். லேயருக்கு முதலில் 'ஆல்ஃபா சேனல்', அதாவது எந்த இடம் ஒளிபுகும் என்று குறித்துவைக்கும் பகுதி, சேர்க்க வேண்டும். பிரஷ்ஷால் தேய்க்கிறோம், ஒன்றும் விழவில்லை என்றால் லேயரின் எல்லைக்கு வெளியே தேய்க்கிறோம் என்று அர்த்தம். கிம்ப்பில் ஒவ்வொரு லேயருக்கும் ஓர் அளவு உண்டு, மஞ்சள் புள்ளிக்கோடு அதைத்தான் காட்டுகிறது. சேமித்தால் அதன் சொந்த எக்ஸ்.சி.எஃப். வடிவம்தான், ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும். ஒரு வட்டம் போடக்கூட 3.0 பதிப்பில் நேரடிக் கருவி இல்லை. நீள்வட்டமாகத் தேர்வுசெய்து, அந்தத் தேர்வின் ஓரத்தில் கோடு இழுக்கச் சொல்ல வேண்டும். ஒரு வட்டத்துக்கு இவ்வளவா என்று எனக்கும் எரிச்சல்தான்.

கிரிட்டாவில் இந்தத் தொல்லைகள் அநேகமாக இல்லை. லேயருக்கு எல்லை கிடையாது. வட்டம், சதுரம் எல்லாம் கருவிப்பெட்டியிலேயே இருக்கின்றன. வலது கிளிக் செய்தால் பிரஷ்களும் நிறவட்டமும் கைக்கடியிலேயே விரியும். ஷிஃப்டை அழுத்தி இழுத்தால் பிரஷ் பெரிதாகும், சிறிதாகும். மல்டிபிரஷ் கருவியில் எட்டு என்று கொடுத்துவிட்டு ஒரு இதழ் வரைந்தால் எட்டு இதழும் சேர்ந்தே மலர்கின்றன. அக்கா மகள் அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கிம்ப்பிலும் இந்தச் சமச்சீர் வசதி உண்டு, 2.10 பதிப்பிலிருந்தே. ஆனால் கிரிட்டாவின் பிரஷ் பேனாவின் அழுத்தத்துக்கு இழைவதுபோல் அது இழையாது. பேனாவால் வரையும் டேப்லெட் இல்லாமல் மவுஸில் வரைபவருக்கும் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி கிரிட்டாவில் இருக்கிறது.

அப்படியானால் கிரிட்டாவே போதுமே? நானும் அப்படித்தான் நினைத்து, தாத்தா படத்தை அதில் திறந்து பார்த்தேன். கிரிட்டாவில் 'ஸ்மார்ட் பேட்ச்' என்று ஒன்று உண்டு. கறைமேல் பூசினால் சுற்றுப்புறத்தைப் பார்த்து அதுவே நிரப்பிக்கொள்ளும். சுவரில் இருந்த கறைக்கு அருமையாக வந்தது. பாட்டியின் கன்னத்தில் போன மடிப்புக்கு, புடவைக் கரையைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது. எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நாம் சொல்ல அதில் வழியில்லை.

கிம்ப்பின் 'ஹீல்' கருவியில் அதை நாம் சொல்லலாம். கன்ட்ரோலை அழுத்தி நல்ல தோல் உள்ள இடத்தைக் கிளிக் செய்துவிட்டு, மடிப்பின்மேல் சிறுசிறு தொடுகையாக ஒற்ற வேண்டும். அங்கிருந்து எடுத்த துண்டை இங்குள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப அது கலந்துகொள்ளும். நீளமாக இழுத்தால் கறுப்பும் வெள்ளையும் கலங்கிவிடும், ஒற்றுவதுதான் சரி. வெளிறிப்போன முகத்துக்கு 'கர்வ்ஸ்', வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்துக் கூட்டிக் குறைக்கும் வசதி. கோட்டின் நடுவை லேசாகக் கீழே இழுத்தால் மங்கல் இறங்கி முகம் தெளியும். தொடங்கும் முன் லேயரை நகலெடுத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள், தப்பானால் அசல் கீழே பத்திரமாக இருக்கும். மார்ச் 2025இல் வந்த 3.0 பதிப்பில் கர்வ்ஸ் போன்றவற்றைப் படத்தோடு கரைக்காமல், பிறகு திருத்தும்படி தனியாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு முந்தைய பெரிய பதிப்பான 2.10 வந்தது 2018இல், அதனால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி பழசு. பார்க்கும் பாடம் எந்தப் பதிப்புக்கு என்று முதலில் பாருங்கள். நிறுவும்போது மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், பாடங்களில் தேட அதுதான் எளிது.

தமிழ் எழுத்து போட வேண்டுமென்றால் தராசு இன்னும் கொஞ்சம் கிம்ப் பக்கம் சாய்கிறது. யூனிகோட் எழுத்துரு எதுவானாலும், மீரா இனிமையோ முக்தா மலரோ, படத்தின் மேலேயே கிளிக் செய்து அடித்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இதற்கே விருப்பத்தேர்வில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வை மாற்ற வேண்டியிருந்தது, அது தெரியாமல் தவித்த டிசைனர்கள் உண்டு. கிரிட்டாவும் 5.2 பதிப்பில் எழுத்துப் பகுதியைப் புதுப்பித்தது, எழுத்தும் சரியாகவே வருகிறது. ஆனால் அந்தப் பதிப்பில் தனிச் சாளரத்தில் அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், நாலு வரி அழைப்பிதழுக்கே அலுத்துவிடுகிறது.

அச்சகத்தில் சி.எம்.ஒய்.கே., அதாவது அச்சு மை நான்கின் நிற முறை, கேட்டால் நிலைமை தலைகீழ். கிரிட்டா அந்த நிற முறையிலேயே வேலை செய்யும். கிம்ப்பில் வேலை திரைக்கான ஆர்.ஜி.பி. நிற முறையில்தான், கடைசியில் மாற்றி எடுக்க வேண்டும். லோகோ, ஃபிளெக்ஸ் போர்டு அளவுக்கு எழுத்து என்றால் இரண்டையும் விட்டுவிட்டு இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் பக்கம் போங்கள், அதில் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதறாது.

சரி, புதிதாகத் தொடங்குபவர் எதை நிறுவ? கையில் திருத்த ஒரு படம் இருந்தால் கிம்ப், வரைய ஆசை இருந்தால் கிரிட்டா. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள், குறுக்குவிசைகள் குழம்பிவிடும். போன காதணி விழா அழைப்பிதழுக்கு அக்கா மகள் கிரிட்டாவில் கோலம் வரைந்து, இரண்டும் படிக்கும் ஓப்பன்ராஸ்டர் வடிவத்தில் சேமித்துக் கொடுத்தாள். நான் அதை கிம்ப்பில் திறந்து பெயரும் தேதியும் போட்டேன். முகூர்த்த நேரம் மூன்று முறை மாறியது, கோலத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.