நைந்த பழந்துணியைத் தாங்குதுணியில் பொருத்தத் தையலா, பசையா?

1913-இல் எகிப்தின் தர்கானில் தொல்லியலாளர் பீட்ரி தோண்டி எடுத்த அழுக்குத் துணிக் குவியலை 1977-இல்தான் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே 5,000 ஆண்டுப் பழைய லினன் சட்டை! முழங்கையிலும் அக்குளிலும் போட்டுக் கழற்றிய சுருக்கங்கள்கூட இருந்தன. மெல்லிய பட்டுத் துணியில் வைத்துத் தைத்து அதைக் காப்பாற்றினார்கள்.

தையலைப் பின்னாளில் பிரித்துவிடலாம். மெல்லிய ஊசியை இழைகளுக்கு நடுவே பார்த்து நுழைத்தால் இழை அறுபடாது. துணியின் நெகிழ்வும், அந்தச் சுருக்கங்களும் அப்படியே இருக்கும். நார் கொஞ்சமாவது வளைந்து கொடுத்தால் என் ஓட்டு தையலுக்குத்தான்.

சரி, தொட்டாலே உதிரும் துணிக்கு? அங்கே ஊசி போட முடியாது, பசைதான் வழி. ஆனால் சில பசைகள் நாளடைவில் மஞ்சளாகி இறுகிவிடும். அப்புறம் அதை எடுக்கக் கரைப்பான் வேண்டும். சாயம் கலங்குமோ என்ற பயம் வேறு.