குளங்களின் பட்டியலை வரைபடத்தில் ஏற்றிய மூன்று ஆண்டுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலுள்ள சில கமக்காரர் அமைப்புகளுக்காகச் சிறுகுளங்கள், துருசுகள் (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகுகள்), பொதுக்கிணறுகள் ஆகியவற்றின் பட்டியலை மூன்று ஆண்டுகளாக, நாமே குறிகளை இட்டு வரைபடம் ஆக்கும் கூகுள் மை மேப்ஸ் என்ற இணையச் சேவையில் பேணி வருகிறேன். வரைபடத்தைத் தொடங்குவது அரைமணி நேர வேலை. அதில் ஏற்ற வேண்டிய எக்செல் தாளைச் சீராக்குவதிலேயே முதலாவது மாரி முழுவதும் எனக்குக் கழிந்தது.

இடத்தைக் காட்டும் நிரலாக ஊர்ப்பெயரைத் தெரிவுசெய்ததே என் முதற்பிழை. வன்னியில் நகரங்களை விட்டு வெளியேறினால் இலக்கமிட்ட வீதி முகவரி அரிது; குளத்தின் பெயரே பல இடங்களில் ஊரின் பெயர். புதுக்குளம் என்று மட்டும் எழுதினால் எந்தப் புதுக்குளம் என்று அயலூரவரே கேட்பார்கள். மென்பொருளோ கேளாமலே தனக்குத் தெரிந்த ஓரிடத்தில் குறியைக் குத்திவிடும். அகலாங்கையும் நெட்டாங்கையும் தனித்தனி நிரல்களில் எழுதிய பின்னரே குறிகள் நம்பத்தக்கவையாயின.

அந்த எண்களிலும் சிக்கல்கள் இருந்தன. எங்கள் பகுதியில் அகலாங்கு 9ஐயும் நெட்டாங்கு 80ஐயும் ஒட்டியே வரும். சில நிரைகளில் இவை இடம் மாறியிருந்ததால், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிணறுகள் சில நோர்வேயின் ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நின்றன. இத்தகைய பிழை வரைபடத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆபத்தானது மற்றையது: ஜிபிஎஸ் கருவி 9 பாகை 18 கலை 30 விகலை என்று காட்டியதை ஒருவர் 9.1830 என்று எழுதியிருந்தார். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் வருவது 9.3083, அதாவது குறி ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தெற்கே, வேறொரு குளத்தின் அலைகரையில், எவருக்கும் ஐயம் எழாதபடி நின்றது. பழைய திட்டப்படங்களிலிருந்து எடுத்த ஆறிலக்க எண்களோ பாகைகளே அல்ல. அவை நாட்டின் மீது விரித்த தேசிய கட்டவலையில் ஓர் ஆரம்பப் புள்ளியிலிருந்து எண்ணிய மீற்றர் அளவுகள். அவற்றைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மாற்றிய பின்னரே ஏற்ற முடிந்தது. தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கங்களை வைத்திருப்பது நல்லது. இரண்டு இலக்கங்களோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றர் வரையிலான நுணுக்கமே கிடைக்கும், கிணற்றைத் தேடிப் போகிறவருக்கு அது உதவாது.

எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பட்டியல்கள் வரைபடத்தில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) கோப்பாகச் சேமித்தபோது தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாயிற்று. ஆகவே இப்போது எக்செல் கோப்பையே நேரடியாக ஏற்றுகிறேன். வகைக்கு ஒரு நிறமாகக் குறிகளைப் பிரிக்கும்போது 'கட்டுக்கிணறு', 'கட்டுக் கிணறு' ஆகிய இரண்டும் இரு வகைகளாகிவிடுவதால், வகை நிரலுக்குத் தெரிவுப்பட்டியல் ஒன்றை வைத்துவிட்டேன்.

தொலைபேசி இலக்கங்களின் முன்பூச்சியம் மறைவதைத் தடுக்க ஒரு மாலை முழுவதும் முயன்றேன். பின்னர், இணைப்பைப் பெறுகிற எவரும் எல்லா நிரல்களையும் பார்க்கலாம் என்பது உறைத்ததும் அந்த நிரலையே நீக்கினேன்.

மை மேப்ஸில் ஓர் அடுக்குக்கு (தனியாகக் காட்டவும் மறைக்கவும் கூடிய குறிகளின் தொகுதி) 2,000 நிரைகள், ஒரு வரைபடத்துக்கு 10 அடுக்குகள் என்ற வரம்பு, கரைச்சி, துணுக்காய் எனப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு ஓர் அடுக்காகப் பிரித்த எங்களுக்குப் போதுமானது. கூகுள் விரிதாளைத் திருத்தினாலும் வரைபடம் தானாக மாறாமல் இருப்பதே என் பெரிய மனக்குறை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மீண்டும் ஏற்ற வேண்டும், அதற்கு ஒவ்வொரு நிரைக்கும் மாறாத தனி இலக்கம் வேண்டும். ஒரே குளத்தைத் தாத்தா ஒரு பெயராலும் பேரன் வேறொரு பெயராலும் சொல்கிற இடத்தில் பெயரை வைத்துப் பழைய நிரையைக் கண்டுபிடிக்க இயலாது. அந்த இலக்கத்தைத் துருசுச் சுவரிலும் பெயின்றால் எழுதும்படி சென்ற சிறுபோகத்தில் கேட்டிருந்தேன். இரண்டு அமைப்புகள் எழுதிவிட்டன.